நடுக்கட்டம்

பட்டுச்சேலையை ஒருத்தியாக மடிக்க முடியாது. இரண்டு பேர் வேண்டும். ஒருத்தி தலைப்பைப் பிடித்துக்கொண்டு அடுப்படி மூலையில் நின்றால், மற்றவள் அடுத்த முனையோடு வாசலுக்கு வெளியே போய்விட வேண்டியதுதான். தோட்டத்து லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவின் நீளம் அவ்வளவுதான். அன்று காலை அக்கா நாகலெட்சுமியும் நானும் அப்படித்தான் மடித்தோம். முனைகள் சேர்ந்தபோது அவள் விரலில் ரொட்டி மாவு ஒட்டியிருந்ததைப் பார்த்தேன்.

"கையக் கழுவிட்டுப் புடிச்சா என்னா?"

"ஓம் பாதியில படாமத்தான் புடிச்சிருக்கேன், பயப்படாத," என்று சிரித்தாள். பிறகு கத்தரிக்கோல் இரவல் வாங்க டிக்கோயாவுக்குப் புறப்பட்டாள்.

அது எங்கள் அம்மாவின் கூறைச்சேலை. இந்தியாவில் ஊரிலிருந்து வரும்போது, கப்பல் ஏறுமுன், மண்டபம் காம்பில் நோய்க்குப் பயந்து எல்லாருடைய துணியையும் வாங்கி ஆவியில் அவித்தார்களாம். அம்மா இதை மட்டும் வயிற்றில் சுற்றி, பிள்ளைத்தாய்ச்சி என்று சொல்லித் தப்பிக்க வைத்தாள். சேலையின் உடல் முழுக்க சொக்கட்டான் கட்டம். அரக்கு ஒன்று, மஞ்சள் ஒன்று, மாறி மாறி. இரண்டு ஓரத்திலும் கோபுரக் கரை. ஒவ்வொரு கோபுரமும் ஒரு கட்டத்தின் நடுவுக்கு நேராக நிற்கும். பிசகவே பிசகாது.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். எங்களுக்கு எதுவும் நேராகக் கிடையாது. லயம் சரிவில் நிற்கிறது. தேயிலை நிரை மலையோடு வளைகிறது. நான் ஐந்தாவது வரை படித்த பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கரும்பலகையில் போட்ட நேர்கோடுகூடக் கடைசியில் கொஞ்சம் தொங்கும். நேர் என்றால் என்னவென்று நான் தெரிந்துகொண்டது அம்மாவின் தகரப்பெட்டியில்தான்.

அம்மா சாகும்போது, "சேல ஆளுக்குப் பாதி," என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினாள். இந்தியாவும் இலங்கையும் உட்கார்ந்து எங்கள் சனத்தை இவ்வளவு உனக்கு, இவ்வளவு எனக்கு என்று பிரித்துக்கொண்ட வருஷம் அது. லயத்தில் எல்லாருக்கும் அதே பேச்சு. அம்மாவுக்கும் அதுதான் வாயில் வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அக்காவைத் திம்புள்ளப் பக்கம் சோலைமலை என்பவருக்கு நிச்சயம் செய்திருந்தது. போகும்போது தன் பாதியைக் கொண்டுபோக வேண்டும் என்றாள். சேலையை இரண்டாக மடித்தோம். மடிப்பு ஒரு மஞ்சள் கட்டத்தின் நட்டநடுவில் விழுந்தது. திருப்பி மடித்தும் அதே கட்டம்.

"ஒரு கட்டம் தள்ளி வெட்டலாம்," என்றேன். "பெருசு ஒனக்கு."

"அப்ப ஒனக்குக் கொறையுமே. அம்மா பாதின்னாங்க, பாதிதான்."

"சரி, முழுசும் நீயே கொண்டு போ."

"அம்மா சொல்ல மீறச் சொல்றியா?"

"அப்ப எனக்கே குடுத்துரு."

"அதுவும் மீறுறதுதானேடி."

பக்கத்துக் காம்பரா வீரய்யா மாமா கதவில் சாய்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "குறுக்கால வெட்டிப்புடுங்க புள்ளைகளா. ஆளுக்கொரு முக்கோணம்," என்றார்.

"போங்க மாமா, ஒங்க வேட்டியப் போய் வெட்டுங்க," என்று அக்கா விரட்டினாள். அவளுக்கு அது வேடிக்கையாக இருந்தது. எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அக்கா நல்லவள். ஒரு நூல்கூடக் கூடுதலாக எடுக்க மாட்டாள், ஒரு நூல்கூட என்னை விட்டுக்கொடுக்கவும் விட மாட்டாள். அப்படிப்பட்டவளோடு வாதாட முடியாது. கொஞ்சம் பேராசைக்காரியாக இருந்திருந்தால் இன்று திம்புள்ளயில் பிள்ளை குட்டியோடு இருப்பாள். இதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

கவ்வாத்துக் கத்தியாலேயே அறுத்துவிடலாம் என்று அவள் சொன்னபோது நான் விடவில்லை. தேயிலைச் செடியை வெட்டுகிற கத்தி அது. தையல்கார அமிர்தநாதன் அண்ணனிடம் பெரிய கத்தரிக்கோல் இருக்கிறது, காலையில் போய்க் கேட்டு வா என்று சொன்னது நான்தான்.

டிக்கோயாவுக்குப் போக லயத்துக்குக் கீழே ஓடையைத் தாண்ட வேண்டும். மூன்று பலகை போட்ட பாலம். ஓரத்துப் பலகைகள் இரண்டும் நேர். நடுப்பலகை மட்டும் கோணல். கோணலாகப் போட்டால்தான் அதன் முனை அக்கரையில் துருத்திய பாறையில் ஏறி நிற்கும். நேராகப் போட்டால் ஒரு சாண் எட்டாது, ஈரமண்ணில்தான் ஊன்றும். வருஷக்கணக்காக அது என் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது. முதல் நாள் பின்னேரம் தண்ணீருக்குப் போனபோது அதை நேராக்கி வைத்தேன். மூன்றும் சேலைக் கரையில் ஓடுகிற கோடுகள் மாதிரி இருந்தன. கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன்.

தெரியாமல் செய்தேன் என்று எழுதினால் பொய். ஓரத்துப் பலகை வழுக்கும் என்று அக்கா எப்போதும் நடுவில்தான் நடப்பாள். மேலே மழை பெய்துகொண்டிருந்தது. மழைக்காலத்தில் அந்த ஓடையில் விழுந்தவர்களை எந்த வளைவில் போய்த் தேட வேண்டும் என்பது தோட்டத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அங்கேதான் அவளையும் எடுத்தார்கள்.

ஹட்டனிலிருந்து பொலிஸ்காரர் வந்தார். அவர் சிங்களத்தில் கேட்க, தோட்டத்துக் கணக்கப்பிள்ளை எனக்குத் தமிழில் சொன்னார்.

"பலக எப்புடி வெலகுச்சுன்னு கேக்குறாரு."

"வெலகலைங்க ஐயா. கோணலாக் கெடந்துச்சு. நாந்தான் நேராக்குனேன்."

கணக்கப்பிள்ளை அந்தப் பக்கம் திரும்பினார். பொலிஸ்காரரிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். பொலிஸ்காரர் தொப்பியைக் கழற்றிக்கொண்டார். கூடப்பிறந்தவள் போன துக்கத்தில் புத்தி கலங்கிவிட்டது, விட்டுவிடுங்கள் என்று சொன்னாராம். எனக்குப் புத்தி கலங்கவில்லை. கேட்டதற்குச் சரியான பதில்தான் சொன்னேன்.

அக்காவைக் குளிப்பாட்டினார்கள். "நிச்சயம் பண்ணுன புள்ள, பட்டுலதான் போகணும்," என்று காளியாயி அத்தை தகரப்பெட்டியைத் திறந்தாள். இதை நான் யோசித்திருக்கவில்லை. எல்லாவற்றையும் யோசித்த எனக்கு இது தோன்றாமல் போனது ஆச்சரியம்தான்.

அதோடு நிற்கவில்லை. "அவளுக்குப் பாதிதானே? கிழிச்சுருவோம். மத்தத தங்கச்சி வடிவு வச்சுக்கட்டும்," என்று சொல்லி, அந்த மடிப்பைக் கண்டுபிடித்து, கிழிப்பதற்கு வாகாக ஓரத்தைப் பல்லில் வைத்துவிட்டாள்.

"கிழிக்காதீங்க அத்தே," என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "முழுசாக் கட்டுங்க."

பெண்கள் ஓவென்று அழுதார்கள். தன் பங்கையும் கூடப்பிறந்தவளுக்கே கொடுத்து அனுப்புகிறவளை அந்தத் தோட்டம் பார்த்ததில்லை என்றார்கள். சோலைமலை வாசலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். "ஓம் மனசு யாருக்கு வரும் கொழுந்தியா," என்றார். நான் அவருக்கு ஒரு கோப்பை சாயத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

சுற்றிக் கட்டியதில் அந்த மஞ்சள் கட்டம் அக்காவின் நெஞ்சில் சற்றுச் சாய்வாக விழுந்திருந்தது. தூக்குவதற்கு முன்னால் அதை இழுத்து நேராக்கினேன். பார்த்தவர்கள் மறுபடி அழுதார்கள்.

தேயிலைக்கு நடுவே புதைத்தார்கள். இந்த மலையின் ஈரமண் எதையும் சீக்கிரம் தின்றுவிடும் என்று வீரய்யா மாமா சொல்கிறார். அவர் சொல்வதை எல்லாம் நான் காதில் போட்டுக்கொள்வதில்லை. சேலை முழுசாக இருக்கிறது, யாரும் வெட்டவில்லை. அதில் பாதி இன்றைக்கும் என்னுடையதுதான். அம்மா சொன்னது சொன்னதுதான். அக்கா வைத்திருக்கிறாள், நான் திருப்பிக் கேட்கவில்லை.