இடைவேளை விட்டவர் உள்ளே, சிரித்தவர் வெளியே

தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் திரு. சின்னராசு அவர்களே! இந்தச் சனிக்கிழமைத் திரை வட்டத்தின் செயலாளரும், என்னை ஏன் அழைத்தோம் என்று இன்னும் சற்று நேரத்தில் வருந்தப் போகிறவருமான தம்பி சிவசங்கர் அவர்களே! மார்பில் உறுப்பினர் அட்டை மின்ன முன்வரிசையில் வீற்றிருக்கும் சான்றோர்களே! அட்டை ஏதுமின்றிப் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! கழற்றிவிட்ட செருப்பின்மேல் ஒரு கண்ணும் மேடைமேல் ஒரு கண்ணுமாகக் கதவோரம் நிற்கும் பெரியோர்களே! அனைவரையும் வணங்குகிறேன்.

ஆண்டு விழாவில் வாழ்த்திப் பேசச் சொன்னார்கள். நான் வாழ்த்த வரவில்லை, வழக்காட வந்திருக்கிறேன்.

பின்னாலிருந்து யாரோ "ஆயா, சத்தமாப் பேசுங்க" என்கிறார். கொஞ்சம் பொறுங்கள் ஐயா, சத்தம் தானாகவே ஏறும்.

கல்லூரியில் வரலாறு கற்பித்து ஓய்ந்தவள் நான். படம் பார்ப்பதில் மட்டும் இன்னும் ஓயவில்லை. வெள்ளிக்கிழமை காலைக் காட்சிக்குப் பேருந்து நிலையத்துப் பக்கத்துத் திரையரங்கில் இருப்பேன். நாயகன் வரும்போது காகிதம் பறந்து என் கொண்டையில் விழும். சனிக்கிழமை மாலை இந்தக் கல்யாண மண்டபம். ஞாயிற்றுக்கிழமை வீட்டில், எனக்குத் தெரியாத மொழியில், யாரும் அதிகம் பேசாத படம். கணவரை இழந்தவள் பொழுதைப் போக்குகிறாள் என்று யாரும் இரக்கப்பட வேண்டாம். அவர் இருந்தபோதும் பார்த்தேன். அவர் கதையை முன்கூட்டியே சொல்லித் தொலைப்பார். இப்போது நிம்மதியாகப் பார்க்கிறேன்.

இந்த வட்டத்தின் வழக்கம் என்ன? ஒரு சனிக்கிழமை ஊரே திரளும் நட்சத்திரப் படம். மறு சனிக்கிழமை ஊரே அறியாத கலைப் படம். அதற்கும் இதே திரை, இதற்கும் இதே திரை. அதற்கும் இதே ஆடும் நாற்காலி, இதற்கும் இதே ஆடும் நாற்காலி. கல்வராயன் மலைமேல் மேகம் கறுத்தாலே இங்கே மின்சாரம் போய்விடும். போனால் எழுந்து போகாமல், பார்த்த பாதிப் படத்தை வைத்தே இருட்டில் சண்டை போடுவோம். அந்த இருட்டில் தேர்ந்த ரசிகர் யார், தேராத ரசிகர் யார்? குரல் கேட்டது, கருத்துக் கேட்டது, தகுதியை யார் கேட்டார்?

இப்போது கேட்கிறார்கள்! இனிமேல் கலைப் படம் திரையிடும் சனிக்கிழமைகளில், செயற்குழு தேர்ந்தெடுத்து அட்டை கொடுத்தவர்களுக்கு மட்டுமே அனுமதியாம். அந்த விதி இன்று மாலை முதல் நடைமுறைக்கு வருகிறது. என் பேச்சு முடிந்ததும் படம். படத்துக்கு முன்னால், அட்டை இல்லாதவர்கள் எழுந்து போக வேண்டும்.

ஏன் வந்தது இந்த விதி? போன மாதம் நடந்ததை இங்குள்ள பலர் பார்த்தீர்கள். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்.

சென்னையிலிருந்து ஒரு விமர்சகரை அழைத்து, முன்வரிசையில் மெத்தை நாற்காலி போட்டிருந்தார்கள். படத்தில் ஒரு கிழவர் சாகக் கிடக்கிறார். மகன் பக்கத்தில் குனிந்து நிற்கிறான். அவர் ஏதோ சொல்ல வாய் திறக்கிறார். அந்த நேரம் பார்த்து, தேநீர்க்கடை சூசை கேனோடு உள்ளே நுழைந்து, "டீ ஆறிடுங்க" என்றார். செயலாளர் கை காட்டினார். படம் நின்றது. விளக்குகள் எரிந்தன. இடைவேளை!

அந்தப் படத்தை எடுத்தவர் அதில் இடைவேளை வைக்கவில்லை. நம் செயலாளர் வைத்தார்! இடைவேளை இல்லாமல் ஒரு படம் இருக்கக்கூடும் என்பதே அவருக்குத் தோன்றவில்லை. கிழவர் திறந்த வாயோடு திரையில் உறைந்து கிடக்க, கீழே போண்டா வந்தது.

அப்போது எழுந்தது ஒரு குரல். மூங்கில்துறைப்பட்டில் கரும்பு வெட்டிவிட்டு, சனிக்கிழமைதோறும் பேருந்தேறி வரும் செவ்வந்தியின் குரல். "இன்னாங்க இது, செத்துக்கினு இருக்கிறவரு டீ குடிச்சுட்டு வந்து சாவப் போறாரா?"

மண்டபம் சிரித்தது. நான் சிரித்தேன். தலைவர் அவர்களே, நீங்களும் சிரித்தீர்கள். துண்டால் வாயை மூடிக்கொண்டதை நான் பார்த்தேன். சிரிக்காதவர் இருவர்: சென்னை விமர்சகர், நம் செயலாளர்.

படம் முடிந்து விமர்சகரைக் காரேற்றி அனுப்பிவிட்டு, செயலாளர் செவ்வந்தியிடம் வந்தார். என் காதில் விழுந்ததை அப்படியே சொல்கிறேன். "இந்தப் படமெல்லாம் உனுக்கு ஆவாதும்மா. சண்டைப் படம் போடறப்ப வா." விமர்சகருக்கு 'வாங்க', செவ்வந்திக்கு 'வா'. அதற்கு அவர் சொன்னார்: "அதையுந்தான் பாக்கறேன், இதையுந்தான் பாக்கறேன். உங்களுக்கு இன்னாங்க கஷ்டம்?"

அதற்குப் பதிலாக விதிதான் வந்தது.

இடைவேளை விட்டவர் உள்ளே! சிரித்தவர் வெளியே! இது என்ன நீதி? சாவை நிறுத்திப் போண்டா பரிமாறியது ரசனையா? அதைச் சுட்டிச் சிரித்தது குற்றமா? கலையைக் காக்கப் புறப்பட்டவர்கள் முதலில் கலையை உங்கள் கைகளிலிருந்தல்லவா காக்க வேண்டும்?

யாரோ கை தட்டுகிறீர்கள். தட்டாதீர்கள்; நான் செவ்வந்தியைப் புகழ வரவில்லை. அவர் பெரிய விமர்சகர் என்று சொல்ல மாட்டேன். சென்ற கோடையில் ஒரு படத்தில் பாதி நேரம் தூங்கினார். அதே படத்தில் நானும் தூங்கினேன். முன்வரிசைச் சான்றோர் ஒருவர் குறட்டையே விட்டார். அவருக்கு இன்று அட்டை இருக்கிறது! செவ்வந்தி சொன்னது தவறாகவே இருக்கட்டும். அவருக்குப் படம் புரியாமலே போகட்டும். புரியாத படத்தை உட்கார்ந்து பார்க்கும் உரிமை படித்தவர்களுக்கு மட்டும் எழுதிக் கொடுக்கப்பட்டதா? எனக்கும்தான் பல படம் புரிவதில்லை. பட்டம் வாங்கியவள் என்பதால் என் புரியாமைக்குப் பெயர் சிந்தனை; அரிவாள் பிடிப்பவர் என்பதால் அவர் புரியாமைக்குப் பெயர் பாமரத்தனம்!

தம்பி சிவசங்கர், தலையைக் குனிய வேண்டாம். இன்னும் ஒன்று இருக்கிறது. சென்ற வெள்ளிக்கிழமை காலைக் காட்சியில் எனக்கு இரண்டு வரிசை முன்னால் இருந்தீர்கள். நாயகன் நாயகியைக் கன்னத்தில் அறைந்தான். அரங்கமே ஆர்ப்பரித்தது. அந்த அறைக்கு நாற்காலிமேல் ஏறி விசிலடித்தவர் யார்? மறுநாள் இங்கே வந்து 'அமைதி காக்க' என்று பலகை மாட்டியவர் யார்? அங்கே அறையை ரசித்தவருக்கு இங்கே அட்டை! அங்கே அந்த அறையைப் பார்த்து "தூ" என்று வாய்விட்டுச் சொன்ன பெண்கள் பலர். அவர்களுக்கு இங்கே கதவு!

நட்சத்திரப் படமானால் மூளையைக் கழற்றிவிட்டு வரலாம்; கலைப் படமானால் மூச்சை அடக்கிக்கொண்டு வர வேண்டும் என்று யார் சொன்னது? அங்கேயும் கேள்வி கேட்பேன். இங்கேயும் கொட்டாவி விடுவேன். ஒரே கண்தானே இரண்டையும் பார்க்கிறது? அந்தக் கண்ணை இரண்டாக வெட்ட உங்கள் செயற்குழுவுக்கு யார் கத்தி கொடுத்தது?

"தீர்மானம் போட்டாச்சும்மா" என்கிறார் செயலாளர். போட்டவர்கள் மேடையில்தானே இருக்கிறீர்கள்? எடுங்கள்!

நானும் ஒன்று எடுக்கிறேன். இதோ, இது எனக்குக் கொடுத்த அட்டை. முதல் அட்டை என்று பெருமையாகச் சொன்னார்கள். கழற்றிவிட்டேன். தலைவர் அவர்களே, பிடியுங்கள். இப்போது நானும் அட்டை இல்லாதவள். இல்லாதவர்கள் எழுந்து போக வேண்டும் என்று நீங்கள் அறிவித்தால் செவ்வந்தியோடு நானும் எழுவேன். ஆனால் எனக்கு முழங்கால் வலி. இந்த மேடையை விட்டு இறங்கவே வெகுநேரம் ஆகும். கதவு வரை போவதற்குள் சூசை டீயோடு வந்துவிடுவார். அவசரம் எனக்கில்லை, அறிவித்துப் பாருங்கள்.

தலைவர் செயலாளரின் காதில் ஏதோ சொல்கிறார். செயலாளர் அறிவிப்புத் தாளை மடிக்கிறார். நல்லது. சட்டைப் பைக்குள் வைக்காதீர்கள் தம்பி, கிழியுங்கள். அந்தச் சத்தம் கடைசி வரிசைக்குக் கேட்கட்டும்.

கேட்டது.

பொறுமையோடு கேட்டவர்களுக்கும், பொறுக்க முடியாமல் கேட்டவர்களுக்கும், கடைசி வரிசையிலிருந்து தொடங்கி இந்த மேடை வரை என் நன்றியும் வணக்கமும் உரியன. விளக்கை அணைக்கலாம், கதவைச் சாத்த வேண்டாம். தம்பி சிவசங்கர், இன்றைய படத்திலும் இடைவேளை கிடையாது.