ரேடியேட்டரில் நான் கொட்டிய மஞ்சள்

என் பெயரும் கதவு எண்ணும் இந்தத் தாளின் தலைப்பில் உள்ளன. வயது எழுபத்தொன்று. மரக்கடையில் சுமை தூக்கி ஓய்ந்தவன். மகன் வீட்டில் இருக்கிறேன். அந்த முகவரி இன்று காலை வரை சரி. இதே வழக்கில் என் பெயரில் ஏற்கனவே ஒரு வாக்குமூலம் உள்ளது. அதில் என்னுடையது கைநாட்டு மட்டும். இதை நானே எழுதுகிறேன். ஆய்வாளர் ஐயா தானே எழுதித் தருவதாகச் சொல்லிப் பார்த்தார், பிறகு இரண்டு முறை டீ குடித்துவிட்டு வந்தார். நான் இன்னும் முதல் பக்கத்தில்தான் இருக்கிறேன். இருந்தாலும் எழுத்தெல்லாம் கோட்டின் மேல் நிற்கிறது.

எங்கள் கார் இருபத்திரண்டு வருடப் பழையது. ரேடியேட்டரின் அடியில் கசிவு. பத்து கிலோமீட்டர் போனால் சூடு காட்டும் முள் சிவப்புக்கு ஏறிவிடும். அப்போது வண்டியை நிறுத்தி, பானெட்டைத் தூக்கி, அரை மணி நேரம் ஆறவிட்டு, அதன் பிறகு ஈரச் சாக்கைப் போட்டு மூடியைத் திருகித் தண்ணீர் ஊற்ற வேண்டும். அது என் வேலை. இரண்டு தண்ணீர் கேன்களைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்காருவேன். எங்கே போனாலும் என்னைக் கூட்டிப் போனார்கள். அதை மரியாதை என்று நினைத்திருந்தேன். பேரப்பிள்ளைகளுக்கு நான் தண்ணித் தாத்தா. "மாமா, காருக்குத் தண்ணி காட்டியாச்சா?" என்பாள் மருமகள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

சென்ற வருடம் மகன் காரை விற்க முடிவு செய்தான். வாங்க வந்தவர் தெருமுனையில் கடை வைத்திருக்கும் தையல்காரம்மா. தைத்த சீருடைகளைப் பள்ளிகளுக்குக் கொண்டுபோக அவருக்கு வண்டி தேவைப்பட்டது. அவர் வரவிருந்த அன்று காலை மகன் ஒரு பொட்டலம் மஞ்சள் தூளை என்னிடம் கொடுத்து, "ரேடியேட்டர்ல கொட்டுங்கப்பா, ஓட்டையை அடைச்சுக்கும்" என்றான்.

"உள்ள இருக்கிற குழாயையும் சேத்து அடைச்சிடுமேடா. சூடு இன்னும் ஏறுமே."

"அது அவங்க பாடு. நீங்க வாயைத் திறக்காம இருந்தா போதும்."

கொட்டியது நான். அதன் பிறகு கேன்களைப் பரணில் ஏற்றியது அவன்.

அதன் பிறகு தையல்காரம்மா வந்து காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "பெரியவரே, எப்பவும் நீங்கதானே முன்னாடி உக்காந்து போவீங்க. வண்டி சூடாகுமா?" என்று கேட்டார். நான் வாயெடுப்பதற்குள் மகன், "அப்பாவுக்குக் காது சுத்தமா போச்சும்மா. சூடெல்லாம் ஆகவே ஆகாது" என்றான். அவர் என் காதருகே குனிந்து, "வெயில்ல நிக்காதீங்க, உள்ள போங்க" என்று கத்திச் சொன்னார். நன்றாகக் கேட்டது. உள்ளே போனேன்.

மூன்றாம் நாள் பாலத்தின் மேல் கார் ஆவி கக்கி நின்றது. ஆறவிட வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. மூடியைத் திறந்தார். கொதித்த தண்ணீர் இரண்டு கைகளிலும் பாய்ந்தது.

செய்தி வந்ததும் மகன் என்னையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். நர்ஸ் அவரைத் திட்டிக்கொண்டிருந்தார்: "வெந்த புண்ணுல மஞ்சளை அப்பிட்டு வந்திருக்கீங்களே, யாரும்மா சொன்னது உங்களுக்கு?"

"நான் எதையும் போடல சிஸ்டர். தண்ணியோடதான் வந்துச்சு."

யாரும் நம்பவில்லை. கழற்றி வைத்திருந்த ரவிக்கையிலும் மஞ்சள் கறை. நான் பார்த்தேன், மகனும் பார்த்தான். "வாங்கப்பா, போலாம்" என்று தாழ்ந்த குரலில் சொன்னான். எனக்குக் காது கேட்காது என்பதை மறந்து சட்டென்று திரும்பினேன். தையல்காரம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதே வாரம், "வண்டி வித்ததுக்குச் சாட்சி" என்று மகன் நீட்டிய தாளில் கைநாட்டு வைத்தேன். அதன் பிறகு மாலை வகுப்பில் சேர்ந்து எட்டு மாதம் படித்தேன். போன மாதம் மருந்துச் சீட்டைத் தேடியபோது அந்தத் தாளின் நகல் மேசை இழுப்பறையில் கிடைத்தது. படித்து முடிக்க நான்கு நாட்கள் ஆயின. பாடப் புத்தகத்துக்கு வெளியே நான் முழுதாகப் படித்த முதல் தாள் அது. அதுதான் போலீசில் என் பெயரில் கொடுக்கப்பட்ட வாக்குமூலம். சூடாக இருக்கும்போது திறக்கக் கூடாது என்று நான் பலமுறை எச்சரித்ததாகவும், அந்த அம்மா அலட்சியமாகச் சிரித்ததாகவும் அதில் இருந்தது.

இப்போது அவருடைய வலது கை விரல்கள் மடங்குவதில்லை. கத்தரி பிடிக்க முடியவில்லை. எல்லாம் அவருடைய கவனக்குறைவு, புண்ணை மோசமாக்கியதும் அவர் பூசிய மஞ்சள் என்று வழக்கை முடிக்கப் போவதாக அறிந்தேன். அவர் பூசவில்லை. அது ரேடியேட்டரிலிருந்து வந்தது.

இங்கே வரப்போவதை நேற்று மகனிடம் சொன்னேன். "யாரோ ஒருத்திக்காகப் பெத்த பிள்ளையை மாட்டி விடுவீங்களா? உங்களுக்குச் சோறு போடுறது யாரு?" என்று கேட்டான். "நீதான். அதையும் எழுதிடுறேன்" என்றேன். ஆகவே எழுதுகிறேன்: எட்டு வருடங்களாக என் மகன்தான் எனக்குச் சோறு போடுகிறான்.

மேலே உள்ளதெல்லாம் நடந்தது. யாரும் எனக்குப் படித்துக் காட்டவில்லை. நானே இரண்டு முறை படித்துப் பார்த்துக் கையெழுத்திடுகிறேன். மை டப்பா தேவைப்படவில்லை. நீதிமன்றத்தில் என் பெயரை ஒரு முறை கூப்பிட்டால் போதும். எனக்குக் கேட்கும்.

(கையெழுத்து)