பம்பு என் கையில் இருந்தது

ஜாக்கைத் துடைத்து வைக்காமல் நான் ஒருநாளும் வேலையிடத்தை விட்டுக் கிளம்பியதில்லை, சார். அன்றைக்கும் ஆம்புலன்ஸ் போனபிறகு துடைத்துத்தான் வைத்தேன். எண்ணெய் கசிந்து ஜாக் இறங்கிவிட்டது என்று உங்கள் அறிக்கையில் எழுதியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதைத் திருத்தச் சொல்லத்தான் நானாக வந்தேன். நாலு நாளுக்கு முன்னால்தான் வாஷர் மாற்றியிருந்தேன். ஒரு சொட்டு கசியாது. கடைத்தெருவில் வேறு, என் கை தவறிவிட்டது என்று பேசிக்கொள்கிறார்கள். என் கை தவறாது.

சாய்ந்த பக்கமே மரத்தை விழவிட யாராலும் முடியும். கட்டடத்தின் மேல் சாய்ந்து நிற்கிற மரம் என்றால் எங்களைக் கூப்பிடுவார்கள். விழ வேண்டிய பக்கம் வாய் பிளந்தாற்போல ஒரு வெட்டு. அதற்கு எதிர்ப்பக்கம், அதாவது சாய்வுப் பக்கம், ஜாக் உட்கார ஒரு குழி. அங்கிருந்தே உள்ளே அறுத்துக்கொண்டு போய், நடுவில் நாலு விரல் கட்டை மட்டும் மிச்சம் வைப்போம். பிறகு ஜாக்கால் நெம்பினால் மரம் மெல்ல நிமிர்ந்து, மனசு மாறி, அந்தப் பக்கம் சாயும். ஜாக்குக்கும் பம்புக்கும் நடுவே பதினைந்து அடி குழாய். நான் பம்போடு தள்ளி உட்கார்ந்திருப்பேன். மாப்பிள்ளை மரத்தடியில் நின்று, வெட்டு விரிய விரிய ஆப்பு அடிப்பார். எண்ணெய் ஏமாற்றினாலும் ஆப்பு தாங்கும்.

மாப்பிள்ளை என்றால் என் தங்கை வீட்டுக்காரர். அவரைத் தேடிப் பிடித்துக் கட்டிவைத்ததே நான்தான். பன்னிரண்டு வருஷம் ஒரே வீடு, ஒரே வேலை. "மச்சான் ஒரு மரத்தைப் பார்த்து உட்காருன்னா உட்காரும்" என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். தங்கமான மனுஷர். அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

போன மாதம் அவருக்குத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலை கிடைத்தது. வேறு ஊர். அவர்கள் கொடுக்கிற வீட்டில் இரண்டே அறை. "அண்ணா, நீ இங்கயே இரு. மாசம் ஒரு தடவ நாங்க வந்து பாத்துட்டுப் போறோம்" என்றாள் தங்கை. நான் தூக்கி வளர்த்தவள் சொன்னாள். நான் கோபப்படவில்லை. தப்பான பக்கம் சாய்கிற மரத்தோடு யாராவது சண்டை போடுவார்களா? கொஞ்சம் கொஞ்சமாக அழுத்திப் பார்த்தேன். அங்கே பள்ளிக்கூடம் சரியில்லை என்று தங்கையிடம் சொன்னேன். கிரேன் ஓட்டினால் முதுகு போய்விடும் என்று அவரிடம் சொன்னேன். நாய்க்குட்டியைக் கூட்டிப்போக முடியாது என்று அவர்கள் மகள் பாப்பாவிடம் சொன்னேன். பாப்பா மட்டும் அழுதாள். மற்ற இருவரும் மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

நூலகத்துச் சுவரை ஒட்டி நின்ற அந்த மரம்தான் நாங்கள் சேர்ந்து செய்யும் கடைசி வேலை என்று அவரே சொன்னார். காலை பத்து மணி இருக்கும். பம்பை இருபது தடவை அழுத்தியதும் மரம் லேசாக முனகியது. உச்சி ஒரு சாண் நகர்ந்தது. வைத்திருந்த ஆப்புகள் மெல்லியவை. தடித்ததாக மாற்ற வேண்டும். ஊரில் மற்றவர்கள் ஒன்றை உள்ளே விட்டு ஒன்றைத்தான் எடுப்பார்கள். நாங்கள் இரண்டையும் சேர்த்து எடுப்போம். அவ்வளவு பழக்கம்.

"புடிச்சிருக்கீங்களா மச்சான்?" என்று கேட்டார்.

"புடிச்சிருக்கேன், மாப்ள. எடுங்க" என்றேன்.

ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு ஆப்பையும் உருவிக் கீழே போட்டார். நான் அழுத்தத்தை இறக்கும் வால்வைத் திருகினேன். முழுதாகக்கூட இல்லை, அரைச்சுற்று. பம்பின் முள் சரசரவென்று இறங்கி பூஜ்யத்துக்கு வந்தது. அவ்வளவு பெரிய மரம் ஒரு கணம் அப்படியே யோசித்துக்கொண்டு நின்றதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அவருக்குப் புரிந்துவிட்டது. என்னைத்தான் பார்த்தார். பிறகு ஓடினார்.

எல்லாம் ஒரு நொடி வேலை, சார். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு நிமிஷம் யோசிக்க நேரம் கிடைத்திருந்தால் நான் செய்திருக்க மாட்டேன். கை தானாகப் போயிற்று. திட்டம் போட்டுச் செய்கிற ஆள் நான் இல்லை.

தங்கை இன்னும் என்னிடம் பேசவில்லை. துக்கம், நாளாக நாளாக ஆறிவிடும். கட்டிவைத்த மூட்டைகளையெல்லாம் நானே பிரித்து, பாத்திரங்களைப் பழைய இடத்திலேயே அடுக்கிவிட்டேன். வேறு ஊர் பேச்சை இப்போது வீட்டில் யாரும் எடுப்பதில்லை. எழுதி முடித்ததும் சொல்லுங்கள், கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புகிறேன். பாப்பாவைப் பள்ளியிலிருந்து கூட்டிவர வேண்டும்.

அவர் ஓடிய வழியில் கிடந்த அடிமரத்துண்டைப் பற்றிக் கேட்கிறீர்கள். ஆமாம், அது தடுக்கித்தான் விழுந்தார். அந்த அறிக்கையில் அது ஒன்றுதான் சரி. மரம் அறுப்பதற்கு முன்னால் தப்பித்து ஓட வழி ஒதுக்கிவைப்போம். அவர் வழியை நான் பார்ப்பேன், என் வழியை அவர் பார்ப்பார். அவசரத்தில் அவனவன் வழியில் அவனவன் கோட்டைவிடுவான் என்று நான் கொண்டுவந்த பழக்கம் அது. என் வழியை அன்றைக்கும் சருகுகூட இல்லாமல் கூட்டிவைத்திருந்தார்.

அந்தத் துண்டு காலையிலேயே அங்கே வந்துவிட்டது. உட்கார்ந்து டீ குடிக்க வசதியாக இருக்கும், அப்புறம் நானே அப்புறப்படுத்திவிடுகிறேன் என்று சொல்லியிருந்தேன். நல்ல கனம். ஒரு ஆளால் உருட்டிக்கொண்டு வரவே முடியாது. அவர்தான் ஒரு கை கொடுத்தார்.