பழசுக்கு ஒரு தனி ஃபோல்டர்

– ஒரு நிமிஷம் சிஸ்டர். ஒரே ஒரு நிமிஷம்.

– இதோட பதினோராவது ஒரு நிமிஷம் தம்பி. நானும் விரல் விட்டு எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன். நாலு மணிக்கு டாக்டர் வந்து நிப்பாரு. கழுத்துல குழாய் வைக்கிற ஆபரேஷன் வேணுமா வேணாமான்னு ஐயாகிட்டயே கேக்கணுமாம். குரலே போன ஐயா எதால பதில் சொல்லுவாரு?

– கண்ண மூடித் தெறந்து சொல்லலாமே. ஒரு தடவ மூடினா ஆமா, ரெண்டு தடவ மூடினா இல்ல...

– அட சாமி! ஆமா இல்லன்னு முடிச்சுக்கற விஷயமா இது? திருப்பிக் கேக்கறதுக்கு அவருக்கு எத்தன கேள்வி இருக்கும்! நாப்பது வருஷம் அச்சகத்துல பிழை திருத்தினவரு. ஒரு கால்புள்ளி எடம் மாறிப்போச்சுன்னு ஓடிக்கிட்டிருந்த மிஷினையே நிறுத்தச் சொன்னவராம். அவரப் போயி ரெண்டே வார்த்தையில அடக்கிட்டீங்களே. பாருங்க, முறைக்கிறாரு.

– என்னையா?

– பின்ன என்னையா? மூணு நாளா இந்தப் பேசற பொட்டி ஊமையாக் கெடக்குதுல்ல. அதுக்கு முன்னால கண்ணாலயே எழுத்து எழுத்தாப் பொறுக்கி என்ன ஒரு வழி பண்ணிக்கிட்டிருந்தாரு. நான் மருந்து நேரம் எழுதி ஒட்டி வச்சா, 'சிஸ்டர், இது எந்த மொழி?'ன்னு கேப்பாரு. இப்ப அந்தக் கிண்டல் இல்லாம எனக்கே ஒரு மாதிரி இருக்கு. நல்லா ஓடிக்கிட்டிருந்ததுக்கு என்னதான் வந்துச்சு?

– ஐயாவோட கண்ணப் பாக்கறது அந்தச் சின்னக் கேமரா. கேமராகிட்ட பேசறதுக்கு என் புரோகிராமுக்கு ஒரு லைப்ரரி வேணும்.

– லைப்ரரியா? ஐயாவோட புத்தகம் எல்லாம் பரண்ல இருக்கு, எடுத்துத் தரவா?

– அந்த லைப்ரரி இல்ல சிஸ்டர்! வேற யாரோ எழுதி வச்ச கம்ப்யூட்டர் கோடு. நம்ம புரோகிராம் அதக் கூப்பிட்டு வேல வாங்கிக்கும். நான் எழுதினது அதோட மூணாவது வெர்ஷனுக்கு. மூணு நாள் முன்னாடி கம்ப்யூட்டர் மொத்தமா அப்டேட் ஆகியிருக்கு. மூணு போயி நாலு வந்து உக்காந்துருச்சு. நாலு பேசறது என் புரோகிராமுக்குப் புரியல. நான் என் எடத்துலேர்ந்தே உள்ள வந்து சரி பண்ற வழி ஒண்ணு இருந்துச்சு, அதுவும் அடைபட்டுப் போச்சு. அப்டேட் கேட்டா வேணாம்னு சொல்லுங்க, ஆயிருச்சுன்னா நான் நேர்ல வந்தாத்தான் சரியாகும்னு ஐயா வீட்டம்மாகிட்ட போன்ல படிச்சுப் படிச்சுச் சொல்லியிருந்தேன்.

– நான் தொடவே இல்ல தம்பி. அம்மாவும் அந்தப் பக்கம் போகமாட்டாங்க. தானா வந்திருக்கும். சரி, அந்த நாலத் தூக்கிப் போட்டுட்டு பழைய மூணையே வச்சிர வேண்டியதுதானே?

– வைக்கலாம். ஆனா ஐயாவோட மூச்சு அளவ ஆஸ்பத்திரிக்கு அனுப்புதே உங்க புரோகிராம், அதுக்கு இப்ப நாலுதான் வேணும். நாலத் தூக்கினா அது படுத்துரும்.

– ஐயையோ, அதுல மட்டும் கைய வச்சிராதீங்க!

– வைக்கல, வைக்கல. பொது எடத்துல நாலு அது பாட்டுக்கு இருக்கட்டும். பழைய மூணத் தனியா ஒரு ஃபோல்டர்ல போட்டுட்டேன். இனி என் புரோகிராமப் புதுசாக் கட்டும்போது, பில்ட்னு சொல்லுவோம், அப்ப மட்டும், 'பொது எடத்துக்குப் போகாத, இந்த ஃபோல்டர்ல இருக்கறத எடுத்துக்கோ'ன்னு எழுதிக் குடுக்கணும். அவ்வளவுதான்.

– ஓ! ஒரே வீட்டுல ஒத்துப்போகலன்னு தனிக்குடித்தனம் வச்சிட்டீங்க!

– ம்... அப்படியும் சொல்லலாம்.

– ஏன் தம்பி இருமுறீங்க? மாஸ்க்கக் கீழ எறக்காதீங்க, ஐயாவுக்கு நெஞ்சுல சளி.

– எறக்க மாட்டேன் சிஸ்டர். இந்த வீட்ட விட்டுப் போற வரைக்கும் எறக்கவே மாட்டேன். இருங்க, ஓட்டிப் பாக்கறேன்... ஓடுது... ஓடுது... ச்சே! மறுபடியும் நாலையே புடிச்சிருக்கு.

– எழுதிக் குடுத்தும் கேக்கலையா?

– போன தடவ எங்க தேடுச்சுன்னு ஞாபகம் வச்சுக்கிட்டு, புதுசாத் தேடவே மாட்டேங்குது. அந்த ஞாபகத்த மொத்தமா அழிச்சிட்டு முதல்லேர்ந்து கட்டச் சொல்றேன். பத்து நிமிஷம் ஆகும்.

– ஒரு நிமிஷம் போயி பத்து நிமிஷம் வந்தாச்சா! போன் அடிக்குது பாருங்க, உங்களோடதுதான்.

– இருக்கட்டும் சிஸ்டர், அப்புறம் பேசிக்கிறேன்.

– படத்தோட வருதே... இந்த மூஞ்சிய எங்கயோ... தம்பி, அந்தச் செவுத்துல பட்டம் வாங்கற அங்கியோட நிக்குதே ஐயாவோட பொண்ணு, அந்தப் பொண்ணு மாதிரியே...

– சிஸ்டர், கொஞ்சம் வெளில வாங்களேன். ப்ளீஸ்.

– வந்தாச்சு. கதவையும் சாத்தியாச்சு. இப்பச் சொல்லுங்க, யாரு நீங்க?

– அவரோட மாப்பிள்ளை.

– அட சாமி! கம்பெனியிலேர்ந்து ஆள் வராருன்னுதானே அம்மா சொல்லிட்டுப் போனாங்க!

– கம்பெனியும் கெடையாது ஒண்ணும் கெடையாது. நான் ஒருத்தன்தான். நாங்களா கல்யாணம் பண்ணிக்கிட்டது அவருக்குப் புடிக்கல. நாலு வருஷம் ஆச்சு. 'இந்த வாசப்படிய மிதிக்காதே'ன்னாரு. என்கிட்ட அவர் பேசின ஒரே வாக்கியம் அதுதான். அப்புறம் இந்த வியாதி வந்துச்சு. கை போச்சு, கால் போச்சு, கடைசியா குரலும் போச்சு. அப்பா என்ன நினைக்கிறாருன்னே தெரியலயேன்னு இவ அழுதா. எனக்குத் தெரிஞ்ச வேல இது ஒண்ணுதான், உக்காந்து எழுதினேன். யாரு எழுதினதுன்னு தெரிஞ்சா ஏறெடுத்தும் பாக்கமாட்டாருன்னு, கம்பெனி குடுத்ததுன்னு அத்தை சொல்லி வச்சிட்டாங்க.

– ஞாயித்துக்கெழமை எனக்கு லீவு, அன்னிக்குப் பொண்ணு மட்டும் வந்துட்டுப் போகுதுன்னு அம்மா சொல்லுவாங்களே. அப்ப நீங்க?

– தெருமுனையில வண்டியிலேயே உக்காந்திருப்பேன். ரெண்டு வருஷமா. அங்க சலூன் வச்சிருக்காரே, அவரு எனக்கு இப்ப உயிர் நண்பர். வாரா வாரம் முடி வெட்டிக்க முடியாதுல்ல, அதனால ரெண்டு பேரும் கேரம் ஆடுவோம்.

– சிரிக்கிறதா அழறதான்னு தெரியல தம்பி. ஒரு நாள் அவர்கிட்ட நேரா போயி நின்னு சொல்லிட்டாத்தான் என்ன?

– கோவத்துல இந்தப் பொட்டியே வேணாம்னுட்டாருன்னா? அவர் பேசணும் சிஸ்டர். என்கூடப் பேசலன்னாலும் பரவால்ல.

– சரி சரி, கண்ணத் தொடைங்க. மாஸ்க் நனைஞ்சா அதுக்கு வேற நான் புதுசு தேடணும். நான் எதையும் கேக்கல, நீங்க எதையும் சொல்லல. உள்ள வாங்க.

– கட்டி முடிச்சிருக்கு. என்ன புடிச்சிருக்குன்னு பாப்போம்... கடவுளே! திரும்பவும் நாலு! ஞாபகத்த அழிச்சாச்சு, விலாசம் குடுத்தாச்சு, இதுக்கு மேல என்னதான் பண்றது?

– தம்பி, ஐயா என்னமோ சொல்றாரு. ரெண்டு ரெண்டாச் சிமிட்டுறாரு. என்னங்கய்யா? தலகாணி சரியில்லையா? அது இல்லையாம். ஃபேனக் கொறைக்கவா? அதுவும் இல்ல. உங்க திரையவே பாக்கறாரு.

– வெளிச்சம் கண்ணக் கூசுதோ என்னமோ. அந்தப் பக்கமாத் திருப்பிடறேன்.

– திருப்பாதீங்க, திருப்பாதீங்க! படபடன்னு இல்ல இல்லங்கிறாரு. ஐயா, திரையில என்னமும் தப்பா இருக்கா? ஆமாங்கிறாரு தம்பி!

– தப்பா? எல்லாம் இங்கிலீஷ் எழுத்துல இருக்கற கோடு. இவருக்கு எப்படி...

– பிழை எந்த மொழியில இருந்தா என்ன? வரி வரியா விரல வச்சுக்கிட்டு வாங்க. நான் கண்ணப் பாத்துச் சொல்றேன்.

– இந்த வரியா?

– இல்ல.

– இது?

– இல்ல. சலிச்சுக்கிறாரு, சீக்கிரம் நகருங்க.

– ஃபோல்டர் விலாசம் இருக்கே, இந்த வரி?

– ஆமா! ஒரே தடவ. அழுத்தி மூடினாரு பாருங்க!

– இதுல என்ன தப்பு இருக்கப்போகுது? பழைய வெர்ஷனாச்சேன்னு ஃபோல்டருக்குப் 'பழசு'ன்னு பேர் வச்சேன். ஃபோல்டர் பேர்ல பி, ஏ, இசட், எச்... இங்க பி, ஏ, எல்... ஐயோ!

– என்ன தம்பி?

– ஃபோல்டருக்குப் பேர் வைக்கிறப்ப ழகரத்துக்கு இசட் எச் போட்டிருக்கேன். விலாசம் எழுதறப்ப வெறும் எல் போட்டுட்டேன். பழசு இங்க 'பலசு' ஆயிருச்சு. அப்படி ஒரு ஃபோல்டரே கெடையாது! இல்லாத எடத்துல போயித் தேடிட்டு, என்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம பொது எடத்துக்குப் போயி நால எடுத்துக்கிட்டு வந்திருக்கு. ரெண்டு வரியும் ஒரே திரையிலதான் இருக்கு, எனக்குக் கண்ணு தெரியல.

– ழகரத்துல தப்புப் பண்ணிட்டு இவரு கண்ணுல படாமத் தப்பிக்க முடியுமா? பாருங்க, சிரிக்கிறாரு. வாய் அசையாது தம்பி, கண்ணோரம் சுருங்குது பாருங்க, அதுதான் சிரிப்பு.

– மாத்திட்டேன். ஓடுது... மூணு! சிஸ்டர், மூணப் புடிச்சிருச்சு! பில்ட் முடிஞ்சுது!

– மணியும் மூணேகால். தெறந்து விடுங்க!

– இதோ... அடடா.

– என்ன, புருவம் மறுபடியும் சுருங்குது?

– தெறந்த வேகத்துல மூடிக்கிச்சு. கட்டும்போது பழசத்தான் எடுத்துக்கிச்சு. ஓடும்போது பழக்கதோஷத்துல பொது எடத்துக்கே போகுது.

– கட்டும்போது ஒரு தடவ சொல்லணும், ஓடும்போது ஒரு தடவ சொல்லணுமா? எங்க வீட்டுக்காரர் மாதிரியே இருக்கே!

– இந்தத் தடவ விலாசத்தப் புரோகிராமுக்குள்ளயே எழுதி வச்சிடறேன். யாரு எங்கேர்ந்து தெறந்தாலும் அங்கதான் போகும். ஐயா... நீங்களும் ஒரு தடவ பாத்துருங்க. எழுத்தெல்லாம் சரியா இருக்கா?

– மேலேர்ந்து கீழ வரைக்கும் படிக்கிறாரு. அவசரப்படுத்தாதீங்க. ஆமாங்கிறாரு! அச்சுக்குப் போகலாம்.

– ஓட்டறேன். இந்தத் தடவயாவது... பச்ச லைட்டு! சிஸ்டர், பச்ச லைட்டு எரியுது! ஐயா, அந்தப் புள்ளியப் பாருங்க. மேல... கீழ... வலது பக்கம்... கூடவே வருது!

– அட சாமி, அட சாமி! சத்தத்தக் கூட்டி வைங்க தம்பி. எழுத்துப் பொறுக்க ஆரம்பிச்சிட்டாரு.

– புதிய பொத்தானில் 'இனைப்பு' என்று இருக்கிறது. அது இணைப்பு. மூன்று சுழி ணகரம்.

– மூணு நாளா வாயக் கட்டிப் போட்டிருந்தவரு, மொத வார்த்தையே திருத்தம்தான்! நான் சொல்லல?

– அது இன்னிக்கு அவசரத்துல போட்ட பொத்தான் ஐயா. இதோ மாத்திட்டேன்.

– நன்று. சிஸ்டர், டாக்டரிடம் கேட்கப் பன்னிரண்டு கேள்விகள் உள்ளன. எழுதி வைக்கிறேன். அவரை உட்காரவைத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

– ஆகட்டுங்கய்யா, எனக்கும் அவர நாற்காலியில உக்கார வச்சு வேடிக்க பாக்கணும். தம்பி, எங்க, பையத் தூக்கிட்டீங்க?

– வேல முடிஞ்சுதே சிஸ்டர். நான் வெளியிலேர்ந்து உள்ள வர்ற வழியையும் தெறந்து விட்டுட்டேன், இனி அப்டேட்டு உள்ள நுழையாம பூட்டும் போட்டாச்சு. இதுக்காக யாரும் இனிமே நேர்ல வர வேண்டியிருக்காது. அத்தை... அம்மா வந்தா சொல்லிடுங்க. வரேன் ஐயா.

– நில்லுங்க. ஐயா இன்னும் எழுத்துப் பொறுக்கிட்டிருக்காரு. வேகமாப் பொறுக்கறாரு. உங்களத்தான் பாத்துப் பாத்துப் பொறுக்கறாரு.

– ஏன், இன்னும் எதுவும் தப்பா இருக்கா ஐயா?

– ஒரு திருத்தம், மாப்பிள்ளை. அப்டேட் தானாக வரவில்லை. உங்கள் அத்தை போனில் உங்களோடு பேசுவதெல்லாம் இந்தக் கட்டிலுக்குக் கேட்கும். குரல்தான் போனது, காது போகவில்லை. உங்களைக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. 'அப்டேட் வேண்டுமா' என்று திரை கேட்டது. கண்ணால் 'ஆம்' என்று சொல்லிவிட்டு, நீங்கள் வாசற்படி ஏறி வரட்டும் என்று மூன்று நாளாகக் காத்திருந்தேன்.