பாசி பிடித்த வானம்

மேடையில் வீற்றிருக்கும் ஓவியர் சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் துயரோடு அமர்ந்திருக்கும் ஏரியக்காவின் கணவர் தையல்காரர் அவர்களே, அக்காவின் மகளே, கைவேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்திருக்கும் நண்பர்களே, வணக்கம்.

ஓவியர் ஏரியக்கா போய்விட்டார். ஆனால் மூக்கைச் சிந்திக்கொண்டு நிற்பவர்களை அக்காவுக்குப் பிடிக்காது. அதனால் அவருடைய இரண்டு படங்களை மேடையில் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். இரண்டிலும் ஒரே ஏரி. இடப்பக்கம், அக்கா கண்காட்சியில் வைத்த முதல் படம். வலப்பக்கம், நோய் வந்து பாதியில் நின்றுபோன கடைசிப் படம். இந்த அரங்கின் மஞ்சள் விளக்கில் எது அழகு? முதல் படம்தானே? எனக்கும் அப்படித்தான் தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள்.

அக்காவும் நானும் ஒரே பெயிண்ட் கடையில் வேலை பார்த்தோம். பகலெல்லாம் அடுத்தவர் வீட்டுச் சுவர்களுக்கு நிறம் கலப்பார். சாயங்காலம் வீட்டுக்குப் போய், சமையலறையின் மஞ்சள் பல்புக்குக் கீழே ஏரியை வரைவார். அந்த வெளிச்சத்தில் மஞ்சள் நிறம் கண்ணை ஏமாற்றும். போட்டது தெரியாமல் மேலும் மேலும் போடுவோம். நிறம் கலப்பதையே பிழைப்பாகக் கொண்ட அக்கா அந்தத் தவறைத்தான் செய்தார். கண்காட்சிக் கூடத்திலோ பெரிய பெரிய ஜன்னல்கள், நல்ல வெயில். நீலத்தில் மஞ்சள் மிஞ்சிப்போய், அக்காவின் காலை வானம் பச்சைப்பசேலென்று தொங்கியது.

பார்க்க வந்த ஒருவர் கேட்டார்: "ஏம்மா, வானத்துக்குப் பாசி பிடிச்சிருக்கா?"

கூடமே சிரித்தது. அக்கா என்ன செய்தார்? ஓடி ஒளிந்தாரா? "ஆமாங்க, பிடிச்சிருக்கு. நான்தான் தேய்ச்சுக் கழுவணும்" என்றார். படத்தைத் தானே இறக்கி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேரே கடைக்கு வந்தார்.

"முதலாளி, நான் வேலைய விட்டு நின்னுக்கிறேன்."

"படம் வரையவா? அதான் சாயங்காலம் வரையிறியே, பத்தாதா?"

"பத்தாது. எனக்குப் பகல் வேணும். அது உங்க கடையில இருக்கு."

முதலாளி கணக்கைத் தீர்த்து அனுப்பினார். சொந்தக்காரர்கள் சும்மா இருந்தார்களா? நல்ல வேலையை விட்டுவிட்டு ஏரிக்கரையில் போய் நிற்கிறாளே, புத்தி பேதலித்துவிட்டதா என்றார்கள். இதோ இருக்கிறாரே தையல்காரர், அவர் ஒருவர்தான் சொன்னார்: "நீ போ. காலையில அடுப்ப நான் பாத்துக்கிறேன். ஆனா என் சமையலக் குறை சொல்லக் கூடாது."

அன்றிலிருந்து விடிந்தால் ஏரிக்கரை. வெளிச்சம் மாறினால் தூரிகையைக் கழுவிவிடுவார். வீட்டில் ஒரு தீற்றல்கூடப் போடமாட்டார். வருடக்கணக்காக யாரும் படம் வாங்கவில்லை. பிறகு ஒரு மருத்துவமனை, காத்திருப்பு அறைக்கென்று ஒன்று வாங்கியது. நோயாளிகள் அந்த ஏரியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். அதைப் பார்த்து மற்றவர்களும் தேடிவந்தார்கள். கண்காட்சியில் எல்லோரும் பார்த்துச் சிரித்த அக்கா, ஓவியத்தையே தொழிலாக்கிக் கடைசிவரை தலைநிமிர்ந்து வாழ்ந்தார்.

நேற்று நம் சங்கத்தில் சிலர் சொன்னார்கள்: "கடைசிப் படத்த போட்டோவப் பாத்து நாமளே முடிச்சு மாட்டிடலாம்." யார் முடிப்பது? எந்த விளக்கின் கீழ் முடிப்பது? அந்த வெளிச்சத்துக்காகத்தானே அவர் ஒரு வாழ்க்கையையே பணயம் வைத்தார்! அந்தப் படத்தில் யாரும் கைவைக்க நான் விடமாட்டேன். தலைவர் கோபித்துக்கொண்டாலும் சரி.

ஜன்னலோரம் இருப்பவர்கள் தயவுசெய்து எழுந்து திரைகளை விலக்குங்கள். தம்பி, விளக்கை அணைத்துவிடுங்கள். அப்படித்தான். அந்தக் கடைசி ஜன்னலையும்.

இப்போது பாருங்கள். இடப்பக்கம் பாசி. வலப்பக்கம் பாதி ஏரிதான். அக்கரை வெறும் துணியாகவே கிடக்கிறது. ஆனாலும் அந்தப் பாதி ஏரியில் பொழுது விடிந்திருக்கிறது.

இனி இந்த அரங்கில் எந்தக் கண்காட்சியும் திரை போட்டு நடக்காது. இந்த இரண்டு படங்களும் இப்படியே பக்கத்தில் பக்கத்தில் தொங்கும். இது நம் உறுதிமொழி. நாளை விடியும்போது அக்கா நின்ற இடத்தில் நான் நிற்பேன். வருகிறவர்கள் வாருங்கள். யாரும் வராவிட்டாலும் நான் என் ஏரியை வரைவேன்.

காலையில் பார்ப்போம், அக்கா.