கடிதத்தில் ஸ்டோர் ரூம் வருகிறது

“பில்கிஸ், பிரிசில்லா படிச்சிட்டுத்தான் கையெழுத்துப் போட்டா, நான் ஒண்ணும் கையப் புடிச்சி—”

“இன்னா படிச்சா? ஒரு வரி படிக்க அவளுக்கு அஞ்சு நிமிசம் ஆவும். அது தெரிஞ்சிதானே நீட்னீங்க—”

“மொதல்ல உக்காரு. காபி ஆறுது.”

“காபியா? அவ அங்க இடுப்பு ஒடஞ்சி படுத்துக்கினு இருக்கா, நீங்க—”

“சக்கர கம்மியாத்தான் போட்டிருக்கேன்.”

பில்கிஸ் காபியைத் தொடவில்லை. வகுப்பிலும் அவள் இப்படித்தான். அடுத்தவர் பேசி முடிக்கும்வரை பொறுக்க மாட்டாள். ஒருவர் வரி முடிந்த பிறகே அடுத்தவர் வரி தொடங்க வேண்டும் என்று எத்தனை ஞாயிற்றுக்கிழமை சொல்லியிருப்பேன். என் வீட்டிலிருந்து நேராக உங்கள் ஸ்டேஷனுக்குத்தான் போயிருக்கிறாள். மறுநாள் காலை நீங்கள் வந்தீர்கள், இன்ஸ்பெக்டர் அம்மா. நடந்ததை நடந்தபடி கைப்பட எழுதித் தரச் சொல்லி ஒரு வெள்ளைத்தாள் கொடுத்தீர்கள். ஒரு தாள் போதாது. என் நோட்டிலிருந்து மூன்று கிழித்துக்கொண்டேன்.

என் பெயர் சௌந்தரம். வயது எழுபத்தொன்று. முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆங்கில ஆசிரியை. ஓய்வு பெற்ற பிறகு மாதனூரில் என் வீட்டுக் கூடத்திலேயே, ஷூ கம்பெனியில் தைக்கும் பெண்களுக்கு ஞாயிறு தோறும் வகுப்பு எடுக்கிறேன். ஒன்பது பேர். ஆறு நாள் மெஷினில் குனிந்த கழுத்தோடு ஏழாவது நாள் என் முன்னால் வந்து உட்காருவார்கள். வேலை உயர்வுக்காக என்று நினைக்காதீர்கள். வருடத்துக்கு இரண்டு முறை, ஷூ வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி சார்பில் ஆடிட் வருகிறது. புகார்ப் பெட்டியை ஆடிட்காரர்களேதான் திறப்பார்கள். தமிழில் இருக்கும் புகாரை மொழிபெயர்க்க ஆபீசுக்குக் கொடுப்பார்கள். அது உப்பில்லாமல் திரும்பி வரும். ஆங்கிலத்தில் இருந்தால் அவர்களே படிப்பார்கள். அதற்காகத்தான் இந்தப் பெண்கள் ஆங்கிலம் படிக்கிறார்கள்.

நான் சொல்லிக் கொடுப்பது ஒன்றுதான். ஒரே விஷயத்தைப் பல வடிவத்தில் எழுதுவது. டைரிக் குறிப்பை உரையாடலாக்குவது, உரையாடலைக் கடிதமாக்குவது, கடிதத்தை அறிக்கையாக்குவது. விஷயம் மாறக் கூடாது. புதிய வடிவத்தில் இடமில்லாததை விட்டுவிடலாம். டைரியில் அழலாம், கடிதத்தில் அழ முடியாது. இத்தனை வருடத்தில் இதில் யாரும் குறை சொன்னதில்லை.

எனக்கு இதில் பிரியமானது உரையாடல். எதைப் படித்தாலும் என் காதில் அது பேச்சாகத்தான் விழும். பேப்பரில் ஒரு விபத்துச் செய்தி வந்தால், லாரிக்காரன் என்ன சொன்னான், சைக்கிள்காரன் என்ன பதில் சொன்னான் என்று கேட்டுவிடும். வாயே திறக்காதவர்களும் எனக்குள் பேசுவார்கள்.

ஜூன் இரண்டாம் வாரம் டைரி எழுதி வரச் சொல்லியிருந்தேன். எட்டுப் பேர் பஸ், மழை, ஆம்பூர் பிரியாணி என்று எழுதினார்கள். பிரிசில்லா, இருபத்து மூன்று வயது, பில்கிஸுக்குப் பக்கத்து மெஷின், அவள் ஸ்டோர் ரூமைப் பற்றி எழுதியிருந்தாள். லைனிங் தோல் எடுத்து வரத் தன்னை மட்டும் சூப்பர்வைசர் மாடிக்கு அனுப்புவதாகவும், பின்னாலேயே வந்து கதவைச் சாத்தச் சொல்வதாகவும், இதுவரை மூன்று முறை என்றும். கத்தினாலும் மெஷின் சத்தத்தில் கேட்காது என்பது கடைசி வரி. தேதி போடவில்லை. ஒரு மதிப்பெண் குறைத்தேன். பிழைகளுக்கு இரண்டு. பத்துக்கு ஏழு. அந்தத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். சிவப்பு மை என்னுடையது.

வகுப்பு முடிந்தும் அவள் போகவில்லை.

“இத லெட்டரா மாத்திக் குடுங்க டீச்சர். வியாழக்கெழம ஆடிட் வர்றாங்க.”

“நடந்ததா, இல்ல ஹோம்ஒர்க்குக்காக நீயா எழுதினதா?”

“நடந்தது டீச்சர்.”

“சூப்பர்வைசர் பேரு போடலியே.”

அவள் சுவரைப் பார்த்தாள். பட்டமளிப்பு அங்கியில் ஹேமந்த் நிற்கும் படம் அங்கேதான் மாட்டியிருக்கிறது. ஹேமந்த் என் மகன். தையல் பிரிவு சூப்பர்வைசர்.

“போடணுமா டீச்சர்?” என்றாள். “அவங்கம்மாவே எழுதிக் குடுத்தா அப்புறம் யாரும் பொய்னு சொல்ல முடியாதுல்ல? அதான் உங்ககிட்டயே வந்தேன்.”

தாளை வைத்துவிட்டுப் புதன்கிழமை வரச் சொன்னேன்.

மகனிடம் கேட்காமல் நான் எழுதவில்லை. அன்றைக்கே போன் செய்து தாளை அப்படியே படித்துக் காட்டினேன். கேட்டு முடித்ததும் அவன் மனைவியைப் பற்றித்தான் பேசினான். “சோபனாவுக்கு எட்டாவது மாசம். ஆஸ்பத்திரிக்கும் கம்பெனிக்கும் அலைஞ்சிக்கினு இருக்கேன். பேஜார் பண்ணாதம்மா” என்றான். அதில் ‘இல்லை’ என்ற சொல் எங்கும் இல்லை. கவனித்தேன். வரிகளைக் கவனிப்பது என் தொழில்.

டைரியிலிருந்து நேராகக் கடிதத்துக்குப் போவது எனக்குப் பழக்கமில்லை. நடுவில் உரையாடல் ஒன்று எழுதிக்கொள்வேன். டைரியில் அவன் பேசியது ஒரே வரி, “கதவ சாத்து.” ஒற்றை வரியை வைத்துக்கொண்டு உரையாடல் எழுத முடியாது. அவன் குரல் எனக்குத் தெரியும். முதல் சொல்லிலிருந்து நான் கேட்டு வளர்த்த குரல். “இன்னா பிரிசில்லா, லைனிங் கம்மியா இருக்குதா?” என்று தொடங்கி வைத்தேன். அவளுக்கும் பதில் வேண்டுமே. “ஆமா சார், அந்த மேல் தட்டு எட்டல” என்று கொடுத்தேன். “இரு, நான் எடுத்துத் தர்றேன்.” அதன் பிறகு அது தானாகவே ஓடியது. என் வகுப்பில் எல்லா உரையாடலும் நன்றி சொல்லித்தான் முடியும். அதற்கு ஒரு மதிப்பெண் தனியாக உண்டு. அவளையும் சொல்ல வைத்தேன்.

இருவரும் பேசியதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். குறை ஒன்றும் தென்படவில்லை. நன்றி சொல்லிவிட்டுக் கீழே இறங்கி வந்த ஒரு பெண் என்ன கடிதம் எழுதுவாள்? புகார்க் கடிதம் எழுத மாட்டாள். தன்னைப் பற்றி வெளியே ஏதாவது பேச்சு அடிபட்டிருந்தால் அதற்கு வருத்தம் தெரிவிப்பாள். அதைத்தான் எழுதினேன். என் சூப்பர்வைசரைப் பற்றித் தவறாகப் புரிந்துகொண்டு தோழிகளிடம் பேசிவிட்டேன், மன்னிக்க வேண்டும், ஸ்டோர் ரூமுக்குப் போய் வருவதில் எனக்கு எந்தச் சிரமமும் இல்லை. நல்ல ஆங்கிலம். ஒரு பக்கத்துக்குள் முடிந்தது.

புதன்கிழமை கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்தாள். விரல்களில் பசை காய்ந்திருந்தது. முதல் வரியில் விரல் வைத்து எழுத்துக் கூட்டினாள். மூன்றாவது வார்த்தையோடு நிறுத்திக்கொண்டாள்.

“இதுல ஸ்டோர் ரூம் வருதா டீச்சர்?”

“வருது.”

அந்த இடத்தைக் காட்டினேன். அந்த இரண்டு சொல்லையும் அவளால் படிக்க முடிந்தது. சிரித்தாள். கையெழுத்துப் போட்டாள். போகும்போது நன்றி சொன்னாள். நான் எழுதி வைத்திருந்தபடியே.

வியாழக்கிழமை அவளே தன் கையால் பெட்டியில் போட்டாள். ஆடிட்காரர்கள் படித்தார்கள். பெண்கள் நடுவே ஏதோ பேச்சு என்று முன்பே கேள்விப்பட்டிருந்தார்களாம். இந்தக் கடிதத்தோடு அதை முடித்துக்கொண்டார்கள். ஆபீசில் ஒரு நகல் எடுத்து வைத்தார்கள். பின்னால் பில்கிஸ் படித்தது அந்த நகலைத்தான். ஒன்பது பேரில் தடையில்லாமல் படிக்கக்கூடியவள் அவள் ஒருத்திதான். நான் சொல்லிக் கொடுத்தது.

திங்கட்கிழமை பிரிசில்லாவை மறுபடியும் லைனிங் எடுக்க அனுப்பினார்கள். போக மாட்டேன் என்றிருக்கிறாள். சிரமம் இல்லை என்று நீதானே எழுதிக் கொடுத்தாய் என்று அந்த நகலைக் காட்டியிருக்கிறார்கள். போனாள். ஸ்டோர் ரூம் சாவி யாரிடம் இருக்கும் என்று கேட்டீர்கள். சூப்பர்வைசரிடம்தான் இருக்கும். மாடி ஜன்னலிலிருந்து அவள் தவறி விழுந்ததாகக் கம்பெனி அறிக்கையில் இருக்கிறது. அதை நான் எழுதவில்லை. ஜன்னல் இடுப்பு உயரத்துக்கு மேல் இருக்கிறது என்று பில்கிஸ் சொல்கிறாள். இருக்கலாம்.

ஹேமந்த் நான்கு நாளாக வீட்டில் இல்லை. இருக்கும் இடம் எனக்குத் தெரியும். தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். சோபனாவை அதிர்ச்சி இல்லாமல் விசாரியுங்கள்.

கடிதத்தை எழுதியது நான்தான். டைரியில் இருந்தது உண்மை என்று தெரிந்துதான் எழுதினேன். அவளால் படிக்க முடியாது என்பதும் தெரியும். திரும்ப அங்கே அனுப்புவார்கள் என்பது தெரியாதா என்று கேட்டீர்கள். ஸ்டோர் ரூமுக்குப் போய் வருவதில் சிரமம் இல்லை என்ற வரியை எழுதியவளுக்கு அது தெரியாமல் இருக்காது. ஆனால் இது பையனைக் காப்பாற்றச் செய்தது என்று மட்டும் எழுதிக்கொள்ளாதீர்கள். உரையாடல் அப்படி முடிந்தது. அதன் பின்னால் அந்தக் கடிதம்தான் வரும்.

பிரிசில்லா விழுந்த நாளிலிருந்து யாரோடும் பேசவில்லை, அவள் வாக்குமூலம் ஒன்றுதான் பாக்கி என்றீர்கள். அதனால் நேற்று சாயங்காலம் வேலூர் பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவள் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்திருந்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நோட்டைத் திறந்து தேதி போட்டேன். இடது ஓரத்தில் அவள் பெயரை எழுதி, உரையாடலில் வைப்பதுபோல் பக்கத்தில் இரண்டு புள்ளி வைத்தேன்.

“உன் வரிய நீயே சொல்லும்மா. இந்த வாட்டி அப்படியே எழுதிக்கிறேன்.”