எண்ணூர் முகத்துவாரத்தில் நின்ற கிடார்

சங்கத் தலைவர் பக்தவச்சலம் அவர்களே, மேடையிலுள்ள பெரியோர்களே, அரைநாள் லீவு போட்டு வந்திருக்கும் ராயபுரம், திருவொற்றியூர் தோழர்களே, கணவரை இழந்து நிற்கும் சகோதரி ஞானசெல்வி அவர்களே, வணக்கம்.

துறைமுக ஒர்க்ஷாப்பின் ஃபிட்டர், நம் கிடார் மாஸ்டர் இக்னேஷியஸ் போய்ப் பதினோரு நாள். பதினோரு நாளாக என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

அவர் கிடார், நான் ஆளுயரத் தந்தி வாத்தியமான பேஸ். சுதந்திரம் வந்த வருஷத்திலிருந்து சேர்ந்து வாசித்தோம். ஒரு ரிக்கார்டு கம்பெனி அழைத்தது. மூடிய அறையில் மாஸ்டருக்குக் கை ஓடவில்லை. "இன்னா நைனா, பொட்டிக்குள்ள பூந்தமாதிரி கீது. வெளியே போலாம் வா" என்று எழுந்தேவிட்டார். அவரை எந்தச் சுவர் கட்டிப்போடும்?

ரேடியோ ரிப்பேர் கடை அமீர் பாய், டேப் மெஷினை லாரி பேட்டரியில் ஓட வைத்தார். பதினோரு நாளுக்கு முன்னால், எண்ணூர் முகத்துவார மணலில் பதிவுக்கு உட்கார்ந்தோம். "காத்து எரைச்சல் டேப்புல ஏறுதுபா!" என்றார் அமீர்.

"ஏறட்டும் மாமு! எண்ணூர்ல காத்து இல்லாம வேற இன்னா கீது?" என்றார் மாஸ்டர்.

மூன்றாவது பாட்டில் கிடார் நின்றது. மறந்துவிட்டார், சேர்ந்துகொள்வார் என்று நான் வாசித்துக்கொண்டே இருந்தேன். கண்ணை மூடி வாசித்தேன் தோழர்களே! திறந்தபோது கிடார் மணலில் கிடந்தது. ஆற்றில் ஒரு படகு கவிழ்ந்திருந்தது. அதில் இறால் கூடையோடு வந்த பட்டம்மாளை மாஸ்டர் கரையில் சேர்த்தார். "இன்னொரு ஆளு கீது!" என்று மறுபடி பாய்ந்தார். அந்த ஆள், படகோட்டி மண்ணாங்கட்டி, அக்கரையில் ஏறிவிட்டிருந்தார்! கத்தினேன். என் குரல் எட்டவில்லை. நீரோட்டம் மாஸ்டரைக் கடலுக்குள் இழுத்துக்கொண்டது.

நேற்று அந்த டேப்பைக் கேட்டோம். பட்டம்மாள் அலறுவது தெளிவாகக் கேட்கிறது. அதன்மேல் என் பேஸ், தனியாக, நாற்பது வினாடி! மாஸ்டர் காதில் விழுந்தது என் காதில் ஏன் விழவில்லை? அழித்துவிடலாம் என்றேன். ஞானசெல்வி தடுத்தார்.

"அழிக்காதண்ணே. அவரு எப்ப நிறுத்தினாருன்னு அதுலதான் கீது. எம் பசங்க கேக்கணும்."

அழிக்க மாட்டேன். மாஸ்டர் பதிய நினைத்த பாட்டுகளில் இன்னும் ஐந்து மீதி. வரும் ஞாயிறு அதே மணலில், மாஸ்டரிடமே வாசிக்கக் கற்ற ஞானசெல்வி கிடார் எடுக்கிறார். நான் பேஸோடு ஒரு நீளக் கயிறும் கொண்டு போகிறேன். கண்ணைத் திறந்துகொண்டே வாசிப்பேன். தண்ணீரிலிருந்து யார் கூப்பிட்டாலும், பாட்டு எந்த இடத்தில் இருந்தாலும், முதலில் எழுபவன் நானாக இருப்பேன். இது நம் இக்னேஷியஸ் மாஸ்டருக்கு இந்தப் பொன்னுரங்கம் உங்கள் எல்லார் முன்னாலும் கொடுக்கும் வாக்கு!